முழு இருதயமும் நூறு தாலந்தும்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடியும்போது எங்கள் சபைகளில் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். அருமனை, குலசேகரம், மார்த்தாண்டம் என்று எந்தப் பக்கம் போனாலும் புது வருஷத்தின் முதல் விசாரிப்பு, "உனக்கு என்ன வசனம் கிடைச்சு?" என்பதுதான். எரேமியா 29:11 கிடைத்தவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். கர்த்தர் நம்மைக் குறித்து நினைத்திருக்கிற நினைவுகள் "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்கிற வசனம் அது. கடன், நோய், வேலை கிடைக்காத பிள்ளை, கடலுக்குப் போன புருஷன் என்று ஏதோ ஒன்றைச் சுமந்துகொண்டு வருகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுச் சுவரிலும் அது தொங்குகிறது.

இரண்டு வசனம் தள்ளி இன்னொன்று இருக்கிறது. "உங்கள் முழு இருதயத்தோடும் என்னைத் தேடினீர்களானால், என்னைத் தேடுகையில் கண்டுபிடிப்பீர்கள்." இதை அட்டையில் நான் அதிகம் பார்த்ததில்லை. இதுவும் வாக்குத்தத்தம்தான். ஆனால் நம்மிடம் ஒன்றைக் கேட்கிற வாக்குத்தத்தம். சில காலமாக இந்த வசனம் என்னை விடவில்லை. அதைப்பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எரேமியா 29 ஒரு கடிதம். பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எழுதி அனுப்பியது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி ஜனங்கள் முன்னால் நின்று, இரண்டு வருஷத்தில் எல்லாம் சரியாகும் என்கிறான். எரேமியாவின் கழுத்தில் இருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டுகிறான். எரேமியா சொன்ன கணக்கு 70 வருஷம். அந்தக் கடிதத்தை வாசித்த பெரியவர்களில் பெரும்பாலோர் மறுபடி சொந்த ஊரைப் பார்க்கப்போவதில்லை. அவர்களுக்குத்தான் சொல்லப்படுகிறது: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். இதெல்லாம் சொன்ன பிறகுதான் "என்னைத் தேடுங்கள்" வருகிறது.

அதனால் முழு இருதயத்தோடு தேடுவது என்பதை நான் இனி ஒரு கூட்டத்தின் கடைசி நாள் இரவில் கண்ணீரோடு நடக்கிற காரியமாக மட்டும் நினைப்பதில்லை. கண்ணீர் வேண்டும்தான். ஆனால் கர்த்தர் தேடச் சொன்ன இடம் வீடும் தோட்டமும் கல்யாணப் பேச்சும் பக்கத்து வீட்டுக்காரரும். 70 வருஷத்துக்கு நீளுகிற தேடல் அது.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆலயத்துக்குக் குறைவில்லை. 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 47 விழுக்காடு. 1544ல் சவேரியார் இந்தக் கடற்கரையில் நடந்து ஞானஸ்நானம் கொடுத்தார். 1806ல் ஜெர்மானிய மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கல்லூரி என்று என்னென்னவோ வந்தன. அந்த ஆசீர்வாதத்தின் பேரப்பிள்ளைகள் நாங்கள். அதிகாலை ஐந்து மணிக்கு ஒரு திசையிலிருந்து கீர்த்தனையும் இன்னொரு திசையிலிருந்து ஜெபமாலையும் கேட்கிற ஊரில் வளர்ந்தவன் நான். இப்படிப்பட்ட ஊரில் தேவனைத் தேடுவது எளிது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆமோசை வாசிக்கும்போது அந்த எண்ணம் ஆட்டம் காண்கிறது. ஐந்தாம் அதிகாரத்தில் கர்த்தர், "என்னைத் தேடுங்கள், அப்பொழுது பிழைப்பீர்கள்" என்கிறார். அடுத்த வசனத்திலேயே, "பெத்தேலைத் தேடாதேயுங்கள்" என்கிறார். பெத்தேல் யாக்கோபு கனவு கண்ட இடம், பரிசுத்தமான பெயர் உள்ள இடம். கில்காலும் பெயெர்செபாவும் அப்படித்தான். ஜனங்கள் அங்கே கூட்டம் கூட்டமாகப் போனார்கள், பலியிட்டார்கள், பாடினார்கள். அதே ஜனங்கள் ஒலிமுகவாசலில் பரிதானம் வாங்கி ஏழையின் நியாயத்தைப் புரட்டினார்கள். ஆமோஸ் மந்தை மேய்த்தவர், காட்டத்திப்பழம் பொறுக்கியவர். எங்கள் ஊரில் பிறந்திருந்தால் ரப்பர் வெட்டப் போயிருப்பார். அவர் வாயில் கர்த்தர் வைத்த வார்த்தையில், கர்த்தரைத் தேடுவதும் தீமையை வெறுத்து வாசலில் நியாயத்தை நிலைநிறுத்துவதும் ஒரே மூச்சில் வருகின்றன. முதலில் பக்தி, பிறகு நேரம் கிடைத்தால் நியாயம் என்று அவர் பிரிக்கவில்லை.

பாதி இருதயம் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் 2 நாளாகமம் 25 வாசிக்க வேண்டும். அமத்சியா ராஜா. கெட்டவன் அல்ல, கர்த்தரின் பார்வைக்குச் செம்மையானதைச் செய்தான், ஆனாலும் முழுமனதோடே செய்யவில்லை என்று இரண்டாம் வசனமே சொல்லிவிடுகிறது. ஏதோமோடு யுத்தத்துக்குப் போக இஸ்ரவேலிலிருந்து ஒரு லட்சம் பேரை நூறு தாலந்து வெள்ளிக்குக் கூலிக்குப் பிடிக்கிறான். தேவமனுஷன் வந்து, அவர்கள் உன்னோடு வரக்கூடாது என்கிறார். அமத்சியா உடனே கேட்கிற கேள்வி: அப்படியானால் நான் கொடுத்த நூறு தாலந்துக்கு என்ன செய்வது?

இந்தக் கேள்விக்காக நான் அமத்சியாவைக் குறை சொல்லமாட்டேன். கீழ்ப்படிதலுக்கு விலை உண்டென்று தெரிந்தவன்தான் அப்படிக் கேட்பான். அதைவிட அதிகமாகக் கர்த்தர் உனக்குக் கொடுக்கக்கூடும் என்று பதில் வருகிறது. அவன் படையைத் திருப்பி அனுப்பவும் செய்கிறான். ஆனால் அடுத்து நடப்பதை நாம் பிரசங்கத்தில் அதிகம் கேட்பதில்லை. திருப்பி அனுப்பப்பட்டவர்கள் கோபத்தோடு யூதாவின் பட்டணங்களில் விழுந்து மூவாயிரம் பேரை வெட்டிக் கொள்ளையிடுகிறார்கள். கீழ்ப்படிந்தவனுக்கு அந்த நஷ்டம். வேதம் அதை மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் பாதி இருதயம் வெளியே வருகிறது: ஜெயித்து வந்த அமத்சியா, தோற்ற ஏதோமியரின் விக்கிரகங்களையே கொண்டுவந்து நிறுத்தி அவற்றின் முன்னால் பணிகிறான். ஒரு தீமையை எதிர்த்தவன் அடுத்த தீமையை வீட்டுக்குள் அழைத்துவந்துவிட்டான்.

எங்கள் வீட்டுக்கும் அந்த நூறு தாலந்துக் கேள்வி வந்தது. அண்ணனுக்குப் பெண் பார்த்த காலம். எங்கள் பகுதியில் கல்யாணப் பேச்சு என்றால் பவுனும் ரொக்கமும் நிலமும்தான் முதலில் பேசப்படும். வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961ல். சட்டம் அதன் பாட்டுக்கு இருக்கிறது. பேச்சை ஜெபத்தோடு ஆரம்பித்து, ஜெபத்தோடு முடித்து, நடுவில் பிள்ளையை விலை பேசுகிறோம். அப்பா ரப்பர் வெட்டுகிறவர். பெண் வீட்டுக்காரர்கள் தங்கள் தோட்டத்தைப் பணயம் வைத்துப் பணம் புரட்டப் போகிறார்கள் என்று அவருக்குத் தெரியவந்தது. எங்களை உட்கார வைத்து, "அந்தத் தோட்டத்தப் பணயம் வச்சு வாற காசு எனக்க வீட்டுக்குள்ள வந்தா, அதுக்குப் பொறவு ராத்திரி ஜெபத்துக்கு நான் எப்படி முட்டுப் போடுவேன்?" என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்.

அத்தை அழாத குறை. "ஊரு நடப்பு இதாக்கும் அண்ணா. உனக்கும் ஒரு பெண்பிள்ள இருக்கில்லியா? அவளுக்கு நாளைக்கு எங்க போவ?" என்றாள். அத்தை கேட்டது அமத்சியாவின் கேள்வியேதான். அப்பாவிடம் அதற்குப் பதில் இல்லை. இல்லாத பதிலை இருப்பதாக அவர் காட்டிக்கொள்ளவும் இல்லை. பெண் வீட்டார் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தோம். அவர்களோ பயந்துபோனார்கள். பையனுக்கு என்ன குறை, ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்று விசாரிக்க ஆள் அனுப்பினார்கள். ஒரு தீமை ஊரில் எவ்வளவு ஆழமாக வேர்விட்டிருக்கிறது என்பதை நான் அன்று கண்டேன். அதைச் செய்கிறவனுக்கு மரியாதை, செய்யாதவன்மேல் சந்தேகம்.

அக்காவின் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போனது. வந்த சம்பந்தங்கள் பேச்சோடு நின்றன. அந்த வருஷங்களில் எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபம் சுலபமாக இல்லை. அம்மா சில ராத்திரிகளில் வாய் திறக்கமாட்டாள். கடைசியில் அக்காவை எதுவும் கேட்காமல் கட்டிக்கொண்டவர் ஒருவர் வந்தார். அவரும் விசுவாசத்தினால்தான் அப்படிச் செய்தார். ஆனால் அப்படி ஒருவர் வராமலே போயிருந்தாலும் அப்பா செய்தது சரிதான் என்று நான் எழுதவேண்டும். அதை எழுதாவிட்டால், கீழ்ப்படிந்தால் கட்டாயம் லாபம் வரும் என்ற அனனியாவின் பிரசங்கத்தையே நானும் செய்தவன் ஆவேன்.

நெய்யூரில் வைத்தியம் பார்த்த டாக்டர் சாமர்வெல்லைப் பற்றி எங்கள் தாத்தாக்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். 1922ல் எவரெஸ்ட் மலையேற்றக் குழுவில் வந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர். மலையிலிருந்து இறங்கி இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் காத்துக்கிடந்த நோயாளிகளின் கூட்டத்தைக் கண்டார். லண்டனில் அவருக்குக் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு இங்கே வந்து, இருபது வருஷத்துக்கு மேல் வேலை செய்தார். 1924ல் மறுபடியும் எவரெஸ்ட் போய் 8,500 மீட்டருக்கு மேல் ஏறி, திரும்பவும் நெய்யூருக்கே வந்தார். அவருக்கும் ஒரு நூறு தாலந்து இருந்திருக்கும். அதைப் பற்றி அவர் எண்ணிப் பார்த்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. அவர் எங்கே இருந்தார் என்பதை எங்கள் தாத்தாக்களின் வயிற்றில் இருந்த தழும்புகள் சொல்லும்.

இப்போது தீமைக்கு வருகிறேன். எங்கள் ஊரில் தீமை என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கூடோத்திரம் என்கிற செய்வினை. கிணற்றில் ஏதோ போட்டுவிட்டார்கள், வாசலில் ஏதோ புதைத்துவிட்டார்கள். இந்தப் பயம் கிறிஸ்தவ வீடுகளிலும் உண்டு. கட்டுகளை உடைக்கிற ஜெபம் என்று நோட்டீஸ் அடித்தால் கூட்டம் நிரம்பிவிடும். பிசாசு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வேதத்தை நம்புகிறவன் அப்படிச் சொல்லமுடியாது. ஆனால் "பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள், அப்பொழுது அவன் உங்களைவிட்டு ஓடிப்போவான்" என்ற வசனம் யாக்கோபு 4ல் எங்கே வருகிறது என்று பாருங்கள். அதற்கு முந்தின வசனங்கள் முழுக்கச் சபைக்குள் நடக்கிற சண்டை, பொறாமை, இச்சை, பெருமை. கூடோத்திரம் அந்தப் பக்கத்திலேயே இல்லை. சபைக் கமிட்டித் தேர்தலில் அண்ணன் தம்பி பேசாமல் போவதும், ஆலயக் கணக்கு நீதிமன்றப் படியேறுவதும், நாம் அதை நிர்வாகப் பிரச்சினை என்று சொல்லி ஒதுக்கிவைப்பதும்தான் யாக்கோபு பிசாசைப் பற்றிப் பேசுகிற இடம். அதே வசனத்தின் முதல் பாதி, "தேவனுக்குக் கீழ்ப்படிந்திருங்கள்" என்பது. எதிர்த்து நிற்க வலு வருவது அங்கிருந்துதான். முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாவது பாதியை மைக்கில் கத்துவதால் எவனும் ஓடுவதில்லை.

என் சித்தப்பாவின் கதையை அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். அவரும் ரப்பர் வெட்டுக்காரர். அதிகாலை இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய், பாலெடுத்து, உறை ஊற்றி, ஷீட் அடித்து முடிக்கும்போது வெயில் ஏறிவிடும். அதற்குப் பிறகு நீளமான பகல். வாரக்கடைசியில் கூலியும், ஒட்டுப்பால் விற்ற காசும் கையில். தோட்டத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் சாராயக்கடை. சித்தி நல்ல நாளிலும் பெருநாளிலும் எங்கள் வீட்டுக்கு வந்து பிள்ளைகளோடு படுத்துக்கொள்வாள். காரணம் கேட்க யாருக்கும் தேவையிருக்காது.

விடுதலைக் கூட்டம் ஒன்றுக்கு அவரைக் கூட்டிப்போனார்கள். தலையில் கைவைத்து ஜெபித்தபோது கீழே விழுந்தார். குடியின் ஆவி போய்விட்டது என்றார்கள். கொஞ்ச நாள் குடிக்கவில்லை. மறுபடி குடித்தபோது, உனக்கு விசுவாசம் போதாது என்று சொல்லி எல்லாரும் ஒதுங்கிக்கொண்டார்கள். என்னால் பொறுத்துக்கொள்ளமுடியாத இடம் இதுதான். விழுந்தவனைத் தூக்கிவிடக் கைகொடுக்காதவர்கள் அவனுடைய விசுவாசத்தை மட்டும் அளந்து பார்த்தார்கள்.

ஒதுங்காதவர் எங்கள் பழைய உபதேசியார் ஒருவர்தான். அவர் முதலில் சித்தப்பாவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். வெகுநாள் அதிகமாகக் குடித்தவர்கள் சட்டென்று நிறுத்தினால் கை நடுக்கம் மட்டுமல்ல, வலிப்பும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஜெபம் போதும், மாத்திரை வேண்டாம் என்று சொல்கிறவர்கள் இதைக் கவனமாகக் கேட்கவேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் உபதேசியார் இரண்டு காரியம் செய்தார். வெட்டுக்குப் போகிற வழியில் தன் வீட்டில் ஏறச் சொல்லி, விளக்கை அணைக்காமலே நின்றபடி ஒரு சங்கீதம் வாசித்து அனுப்புவார். சனிக்கிழமை சாயங்காலம் சித்தப்பாவின் வீட்டுத் திண்ணைக்கு வந்து கடை அடைக்கிற நேரம் வரை உட்கார்ந்திருப்பார். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் உட்கார்ந்திருப்பார். கூலிக் காசு நேரே சித்தி கைக்குப் போகிறமாதிரி தோட்டக்காரரிடம் பேசி வைத்தார். வீட்டுக்கு வருகிற வழியையும் மாற்றச் சொன்னார். "லே, பிசாசுகிட்ட எதிர்த்து நில்லுன்னு வேதம் சொல்லுது, சரிதான். ஆனா பவுல் தீமோத்தேயுகிட்ட விலகி ஓடுன்னாக்கும் சொல்லியிருக்காரு. நீ இப்ப ஓடு. நிக்கத பொறவு பாக்கலாம்" என்றார்.

பாலியத்துக்குரிய இச்சைகளுக்கு விலகியோடச் சொல்கிற அந்த வசனத்தை (2 தீமோத்தேயு 2:22) நான் பலமுறை வாசித்திருக்கிறேன். ஒரு மனிதன் நடக்கிற பாதையையே மாற்றிவிடுகிற வசனமாக அதை உபதேசியார்தான் எனக்குக் காட்டினார். அதே வசனத்தில், சுத்த இருதயத்தோடே கர்த்தரைத் தொழுதுகொள்ளுகிறவர்களோடு சேர்ந்து நீதியை நாடு என்றும் இருக்கிறது. தனியாக ஓடச் சொல்லவில்லை. சித்தப்பா அதற்குப் பிறகும் விழுந்தார். ஒரு பெருநாளில், ஒரு துக்க வீட்டில். உபதேசியார் மறுநாள் காலையில் அதே சங்கீத புஸ்தகத்தோடு நின்றார். நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் திரும்ப எழுந்திருப்பான் என்று நீதிமொழிகளில் உண்டு. அந்த எண்ணிக்கை சித்தப்பாவுக்கு எத்தனை ஆயிற்று என்று அவர் கணக்கு வைக்கவில்லை. இன்று சித்தப்பா குடிப்பதில்லை. உபதேசியார் மரித்த பிறகு, அந்தப் பக்கத்தில் குடியோடு போராடுகிற இரண்டு பேருடைய வீட்டுத் திண்ணையில் சனிக்கிழமை அவர் போய் உட்காருகிறார்.

வனாந்தரத்தில் இயேசு சோதிக்கப்பட்ட பகுதியை, ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து காலத்தில் வாசிப்போம். மூன்று சோதனைகளுக்கும் அவர் "எழுதியிருக்கிறதே" என்று பதில் சொல்கிறார். மூன்று பதிலும் உபாகமத்திலிருந்து. அதில் இரண்டு ஆறாம் அதிகாரத்திலிருந்து வருகின்றன. அந்த ஆறாம் அதிகாரத்தில்தான், உன் தேவனாகிய கர்த்தரிடத்தில் உன் முழு இருதயத்தோடும் அன்புகூருவாயாக என்ற கட்டளையும் இருக்கிறது. யூத வீடுகளில் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்கிற பகுதி. நாசரேத்தில் தச்சு வேலை செய்த அந்த நீண்ட வருஷங்களில் அவர் நெஞ்சில் குடியிருந்த அதிகாரத்திலிருந்து, பசியின் உச்சத்தில் வார்த்தை எழும்பி வருகிறது. சோதனை வந்த நேரத்தில் அவர் தேடி எடுக்கவில்லை. ஏற்கெனவே அங்கே இருந்தது. நாற்பது நாள் உபவாசத்தை நாம் வியக்கிறோம். அதற்கு முந்தின முப்பது வருஷத்தையும் நான் வியக்கிறேன்.

என்னைப் போன்றவர்களுக்குத் தினமும் ஒரு சங்கீதம் என்பது அதனால்தான் தேவையாகிறது. ரப்பர் வெட்டுகிறவர் ஒரு நாளில் மெல்லிசாக ஒரு சீவல்தான் சீவுவார். பட்டையைத் தாண்டி ஆழமாகக் கத்தியை இறக்கினால் மரம் கெடும். வெட்டாமலே விட்டால் பால் வராது. பெரிய தீர்மானங்கள் எடுத்து ஒரு வாரத்தில் களைத்துப்போகிற வாலிபர்களிடம் நான் இதைத்தான் சொல்வது. காலையில் கண் விழித்ததும் கை போனைத் தேடிப் போகும். அதில் நூறு வசனம் படத்தோடு வந்து கிடக்கும். அந்த நூறையும் அடுத்தவருக்குத் தள்ளிவிட்டு, ஒன்றைக்கூட நம்மேல் விழ விடாமல் எழுந்துவிடலாம். போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு அச்சிட்ட வேதாகமத்தைத் திறப்பது எனக்கு உதவியிருக்கிறது. ஒன்றுமே உணராத காலைகளும் உண்டு. அப்போதும் வாசிக்கிறேன்.

தேவசகாயத்தைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் மாவட்டத்தில் தீமையை எதிர்ப்பதைப் பற்றி எழுதமுடியாது. நான் தென்னிந்திய திருச்சபைக்காரன். அவர் கத்தோலிக்கர்களின் புனிதர். அதனால் அவர் எனக்கு அந்நியர் ஆகிவிடமாட்டார். 1712ல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரசாங்கத்தில் வேலை பார்த்தவர். குடும்பத்தில் நஷ்டத்துக்கு மேல் நஷ்டம் வந்து மனம் உடைந்திருந்தபோது, 1741 குளச்சல் போரில் பிடிபட்டு திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மாவின் படையில் சேர்ந்திருந்த டச்சு அதிகாரி டி லனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். தேடல் அங்கே தொடங்கியது. இழந்ததெல்லாம் உனக்குத் திரும்பக் கிடைக்கும் என்று ஆசைகாட்டி அவரை யாரும் அழைத்துவரவில்லை. எல்லாம் இழந்தவன் சாம்பலில் உட்கார்ந்து தேவனோடு வழக்காடுகிற புஸ்தகம்தான் அவரைப் பிடித்தது. 1745ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். அதற்குப் பிறகு விலங்கு, அடி, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக அவமானம், வருஷக்கணக்கில் சிறை. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவித்தார்கள். எந்தச் சாதிக்காரரோடும் சமமாகப் பழகினார் என்பதும் அவர்மேல் இருந்த கோபத்துக்கு ஒரு காரணம். அவருடைய சாதிப் பெயரை வத்திக்கான் விட்டுவிட்டதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன்.

ஆனால் அவர் ஞானஸ்நானம் எடுத்த அதே வடக்கன்குளத்தில், ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, சாதிக்கொரு பக்கமாக உட்கார வசதியாக ஆலயத்துக்குள் சுவர் இருந்தது. அந்தச் சுவர் 1910ல்தான் இடிக்கப்பட்டது. இரத்தசாட்சியின் ஊரிலேயே தீமை ஆலயத்துக்குள் வந்து, பூசைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டது. சீர்திருத்தச் சபைக்காரர்கள் நாங்கள் இதைச் சொல்லித் தப்பிக்கமுடியாது. எங்கள் சபைகளில் சுவர் இல்லை. கல்யாணப் பேச்சில் இருக்கிறது. "நம்ம ஆளா?" என்ற கேள்வியை ஞாயிற்றுக்கிழமை இராப்போஜனம் எடுத்த அதே வாயால் கேட்கிறோம்.

119ஆம் சங்கீதம் 176 வசனம் உள்ளது. "என் முழு இருதயத்தோடும்" என்பது அதில் திரும்பத் திரும்ப வருகிறது. அவ்வளவு உறுதியாகப் பேசுகிற அந்த மனிதன் கடைசி வசனத்தில், காணாமற்போன ஆட்டைப்போல வழிதப்பிப்போனேன், உமது அடியேனைத் தேடுவீராக என்கிறான். தேடுகிறவன் தன்னைத் தேடி வரச்சொல்லிக் கெஞ்சுகிறான். சித்தப்பாவின் திண்ணையில் நான் கண்டது இதைத்தான். மயிலாடியின் மகாராசனும் எனக்கு இந்த வெளிச்சத்தில்தான் தெரிகிறார். மனதின் தாகத்தோடு சிதம்பரம் வரை யாத்திரை போய், அந்தத் தாகம் தீராமல், தஞ்சாவூரில் சுவிசேஷம் கேட்டு வேதமாணிக்கமாகத் திரும்பி வந்தார். ரிங்கல்தௌபே இந்த ஊருக்கு வந்ததற்கு அவருடைய அழைப்பும் காரணம். 1809ல் மயிலாடியில் ஆலயம் எழும்பியது. 1816ல் ரிங்கல்தௌபே உடல்நலம் கெட்டுப் புறப்பட்டபோது சபைகளை வேதமாணிக்கத்தின் கையில் விட்டுப்போனார். அவர் தேடிப் போன தூரத்தை நினைக்கிறேன்; அவரைத் தேடி வந்தவரின் தூரத்தையும் நினைக்கிறேன்.

இந்த லெந்து காலத்தில் எங்கள் சபை வாலிபர்களோடு எரேமியாவின் கடிதத்தையும் அமத்சியாவின் அதிகாரத்தையும் வாசித்தோம். நூறு தாலந்தில் எல்லாரும் நின்றுவிட்டார்கள். ஒருவன் எழுந்து, "அண்ணே, நாங்க வாங்கல்லன்னு சொல்லிரலாம். எனக்க தங்கச்சிய அப்பம் யாரு கெட்டுவா? இந்தக் கூட்டத்துல ஒருத்தன் சொல்லட்டும்" என்றான். கோபத்தோடுதான் கேட்டான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு கல்யாணம் ஆகாத இரண்டு பேர், தாங்கள் எதுவும் வாங்குவதில்லை, சாதியும் கேட்பதில்லை என்று சொன்னார்கள். ஒருவன் உடனே, "ஆனா அப்பாகிட்ட நீங்க வந்து பேசணும்" என்று என்னைப் பார்த்தான். அவனுடைய அப்பா எனக்குத் தூரத்துச் சொந்தம். சுலபமாகப் பேசிவிடக்கூடிய ஆளும் இல்லை. என் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அந்த வீட்டுக்குத்தான் போகிறோம். ஜெபித்துக்கொள்ளுங்கள்.